வீட்டு ஸ்டோரில் மின்சார ஹீட்டர்: ஒரு விமர்சனம்

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும், கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்கும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறுகின்ற மலைப்பாதைகள் யாவும் ஏலத்தோட்டங்களில் போய் முடிகின்றன. காய் மலையில் விளைகிறது. அதைத் தூசு நீக்கி, பருமன் வாரியாகப் பிரித்து விற்கின்ற வாணிபம் போடியில் பெருமளவில் நடைபெறுகிறது. பறிப்பதற்கும் விற்பதற்கும் நடுவே உலர்த்துதல் என்றொரு கட்டம் இருக்கிறது. காயின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தக் கட்டமே. பச்சை நிறம் மாறாமல் உலர்ந்த காய்க்கு ஒரு விலை. வெளுத்தோ பழுப்பேறியோ போன காய்க்கு வேறு விலை. வெயிலில் காய வைத்தால் நிறம் வெளுக்கும். பறிப்புக் காலத்தின் பெரும்பகுதி மழைக்காலமாதலால் வெயிலை நம்பவும் இயலாது. ஆகவேதான் தோட்டக்காரர்கள் 'ஸ்டோர்' என்று அழைக்கும் உலர்த்தும் வீடு தோன்றியது.

பழைய ஸ்டோரின் அமைப்பு எளிமையானது. வெளிப்புறத்தில் விறகு அடுப்பு. அதன் சூடான புகை இரும்புக் குழாய்கள் வழியே அறையின் அடிப்பகுதியில் சுற்றி வந்து புகைக்கூண்டில் வெளியேறும். குழாய்களுக்கு மேலே வரிசை வரிசையாகத் தட்டுகள், தட்டுகளில் பச்சைக்காய். வெப்பநிலை சுமார் 45 முதல் 55 டிகிரி சென்டிகிரேட். முதல் சில மணி நேரம் வெண்டிலேட்டர்களை மூடி வைத்துக் காயை 'வியர்க்க' விடுவார்கள்; பிறகு திறந்து ஆவியை வெளியேற்றுவார்கள். ஏறக்குறைய ஒரு பகல் ஒரு இரவில் வேலை முடியும்.

இப்போது சிறு தோட்டக்காரர் சிலர் வீட்டை ஒட்டிய ஒரு சிறு அறையிலேயே இந்த வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். அடுப்பு இல்லை, புகை இல்லை. சுவரில் ஒரு மின்சார ஹீட்டர், எதிரே ஒரு விசிறி. நோக்கம் பாராட்டத்தக்கது. விறகுக்காக ஏலத்தோட்டத்தின் நிழல் மரங்களைக் கழிப்பது குறையும். குழாயில் ஓட்டை விழுந்தால் காயில் ஏறும் புகை நாற்றமும் இல்லை. இரவு முழுவதும் அடுப்பருகே ஒருவர் விழித்திருக்க வேண்டியதில்லை. எனினும், நான் கண்ட வீட்டு ஸ்டோர்களில் பெரும்பாலானவை இயற்பியலின்படி தவறாக அமைந்தவை. அவற்றின் குறை ஹீட்டரில் மட்டும் இல்லை. ஹீட்டரை வாங்கும்போது நாம் கேட்கும் கேள்வியிலேயே குறை தொடங்குகிறது.

என் மாணவர் ஒருவரின் தந்தை இத்தகைய அறை ஒன்றை அமைத்தார். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 3 மீட்டர், கூரை தகரம். உள்ளே 2 கிலோவாட் காயில். "சார், தெர்மாமீட்டர் அம்பது காட்டுது. காய் மட்டும் காய மாட்டேங்குது. காயில் கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானோ?" என்று கேட்டார். "அண்ணே, காயில் மேல தப்பு இல்ல. உள்ள இருக்கிற தண்ணி எந்த வழியா வெளிய போகுது?" என்றேன். அவர் கதவைக் காட்டினார். கதவு மூடியிருந்தது.

தெர்மாமீட்டர் 50 காட்டுவதும் காய் உலர்வதும் ஒன்றல்ல. இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றவை யாவும் கணக்கே. கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

100 கிலோ பச்சைக்காயை எடுத்துக்கொள்வோம். அதில் சுமார் 80 சதவீதம் நீர். உலர்பொருள் 20 கிலோ. உலர்ந்த காயில் 10 சதவீதம் ஈரம் இருக்கலாம் என்று கொண்டால் முடிவில் நம் கைக்கு வருவது 22 கிலோவுக்குச் சற்று மேல். ஆக, வெளியேற வேண்டிய நீர் ஏறத்தாழ 78 கிலோ. வீட்டுக் குடங்களில் நிரப்பினால் ஐந்தாறு குடம் வரும். இவ்வளவு நீரும் ஆவியாகி, அறையைவிட்டு வெளியே போயாக வேண்டும்.

முதலில் ஆவியாதல். நீரின் உள்ளுறை வெப்பம் என்னவென்று வகுப்பில் கேட்டால் கடைசி வரிசை மாணவரும் 540 என்பார். அது 100 டிகிரியில் கொதிக்கும் நீருக்கு உரிய எண். அதனாலேயோ என்னவோ, நீர் ஆவியாவதற்கு 100 டிகிரி வேண்டும் என்ற எண்ணம் பலர் மனத்தில் படிந்துவிடுகிறது. கொடியில் காயும் வேட்டி எந்த 100 டிகிரியைக் கண்டது? குறைந்த வெப்பநிலையிலும் நீர் ஆவியாகும்; ஆனால் அதற்கு ஆகும் வெப்பம் சற்று அதிகம். 50 டிகிரி அளவில் கிலோவுக்குச் சுமார் 570 கிலோ கலோரி. 78 கிலோவுக்கு ஏறத்தாழ 44,500 கிலோ கலோரி. ஒரு யூனிட் மின்சாரம் தருவது 860 கிலோ கலோரி. ஆகவே, ஒரு துளி வெப்பமும் வீணாகாத கற்பனை அறையிலும் 52 யூனிட் தேவை. மேற்சொன்ன 2 கிலோவாட் காயில் 24 மணி நேரம் இடைவிடாமல் எரிந்தாலும் கொடுப்பது 48 யூனிட். கற்பனை அறையிலும் போதாது!

அந்தத் தகரக் கூரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் தகடு, உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் வீதம் வெப்பத்தைக் கடத்திவிடும். 9 சதுர மீட்டர், 25 டிகிரி வித்தியாசம்: 1,350 வாட். அதாவது இரண்டு கிலோவாட்டில் மூன்றில் இரண்டு பங்கு, காயைத் தொடாமலே வானத்தைச் சூடாக்கப் போகிறது. மழை விழுந்து கூரை நனைந்தால் இழப்பு இன்னும் கூடும். பின் எப்படித் தெர்மாமீட்டர் 50 காட்டியது? கதவு மூடியிருந்ததாலும், நீர் அதிகம் ஆவியாகாததாலும்தான். நீர் ஆவியாகியிருந்தால் அது வெப்பத்தை விழுங்கி அறையைக் குளிர்வித்திருக்கும். அந்த 50 டிகிரி, வேலை நடக்கவில்லை என்பதற்கான அடையாளமே.

இனி வெளியேறுதல். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிக அளவாக 23 கிராம் நீராவியைத் தாங்கும். 50 டிகிரியில் 83 கிராம். அறையின் கொள்ளளவு 27 கன மீட்டர். எனவே அறை முழுதும் தெவிட்டிய நிலையை அடைந்தாலும் அதில் அடங்கும் ஆவி 2 கிலோவுக்குச் சற்றே மேல். வெளியேற வேண்டியதோ 78 கிலோ. கதவை மூடி வைத்தால், இடுக்குகளில் கசிவது நீங்கலாக, முதல் இரண்டு கிலோவோடு உலர்தல் நின்றுவிடும். பிறகு நடப்பது அவித்தல். இளஞ்சூட்டில், ஈரம் நிறைந்த காற்றில் மணிக்கணக்காகக் கிடக்கும் காயின் பச்சையம் சிதைகிறது, தோல் பழுப்பேறுகிறது. பச்சை நிறம் நிலைக்க இரண்டு சதவீத சலவைச் சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊற வைக்கும் வழக்கம் உண்டு. அது வேதியியல் ஆசிரியரின் எல்லை, நான் நுழையவில்லை. ஆனால் சோடா எவ்வளவு போட்டாலும் மூடிய அறையில் அவித்த காயைக் காப்பாற்ற முடியாது.

ஆகவே ஸ்டோர் அமைப்பவர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, எத்தனை வாட் ஹீட்டர் என்பதன்று. மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதே. காற்றின் அளவு தெரிந்தால் ஹீட்டரின் அளவு தானே வந்துவிடும். நம் ஊரில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. ஹீட்டரைக் கடையில் பார்த்து வாங்குகிறோம். விசிறியோ, பழைய அறையில் கழற்றிப் போட்டதாக இருக்கும்.

வெளிக்காற்று 25 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதம் என்று கொள்வோம். அதை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், உள்ளே இருக்கும் நீராவி கூடாமலே, ஒப்பு ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு அருகே இறங்கிவிடும். சூடாக்குவதன் பயன் இதுதான்: காற்றுக்குத் தாகம் உண்டாக்குவது. இந்தத் தாகமுள்ள காற்று தட்டுகளினூடே செல்லும்போது, காயின் நீரை ஆவியாக்கத் தன் வெப்பத்தையே கொடுத்துக் குளிர்கிறது. வெளியேறும்போது 40 டிகிரியில் இருக்கிறது என்போம். பத்து டிகிரி இறங்கியதில் ஒரு கன மீட்டர் காற்று இழந்தது சுமார் 2.6 கிலோ கலோரி. அதற்கு ஈடாக எடுத்துக்கொண்ட நீர் 4.6 கிராம். 78 கிலோவை நாலரை நாலரைக் கிராமாகச் சுமந்து செல்ல 17,000 கன மீட்டர் காற்று தேவை. 24 மணி நேரத்தில் என்றால் மணிக்கு 700. நம் 27 கன மீட்டர் அறையின் காற்று மணிக்கு 26 முறை, அதாவது இரண்டேகால் நிமிடத்துக்கு ஒரு முறை, முழுவதும் மாற வேண்டும். மூடிய கதவு எங்கே, இது எங்கே?

இதற்குள் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. காற்றை 25 டிகிரி சூடாக்கினோம். அதில் பத்து டிகிரிதான் காய்க்குப் பயன்பட்டது. மீதிப் பதினைந்து டிகிரி வெண்டிலேட்டர் வழியே போய்விட்டது. ஆகவே இந்த அறையின் திறன் 40 சதவீதம். 52 யூனிட் என்று கண்ட தேவை 130 யூனிட் ஆகிறது. இது சராசரியாக 5.4 கிலோவாட். கூரை இழப்பு வேறு, 24 மணி நேரத்துக்கு 32 யூனிட். மொத்தம் 160 யூனிட்டைத் தாண்டும். கைக்கு வரும் 22 கிலோ உலர்ந்த காயில் கிலோவுக்கு ஏழு யூனிட்டுக்கு மேல். அவரவர் மின் கட்டண வீதத்தால் இதைப் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். உழவுக்கும் வீட்டுக்கும் தொழிலுக்கும் கட்டணம் வெவ்வேறு என்பதையும், எந்த இணைப்பில் எதை ஓட்டலாம் என்பதையும் முன்கூட்டியே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டறிவது நலம்.

விறகை நாம் மிகவும் பழித்துவிட்டோமோ என்று இந்த இடத்தில் தோன்றும். உலர்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும். அடுப்பின் வெப்பத்தில் பாதி புகைக்கூண்டில் போகிறது என்று வைத்தாலும், இதே நூறு கிலோ காய்க்கு 65 கிலோ விறகு, உலர்ந்த காய் கிலோவுக்கு மூன்று கிலோ. மின்சாரம் அனல் நிலையத்திலிருந்து வருமானால், அங்கே எரித்த நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதை மீண்டும் காயிலில் வெப்பமாக்குவது, நெல்லை அரிசியாக்கி, அரிசியைக் கோழிக்குப் போடுவது போன்றது. லோயர் கேம்பில் பெரியாற்று நீர் தரும் மின்சாரத்துக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. ஆனால் கம்பியில் வரும் மின்சாரத்தை இது பெரியாறு, இது நிலக்கரி என்று பிரித்து வாங்க வழியில்லை.

பழைய ஸ்டோருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதன் தட்டுகள் அறையின் முழு அகலத்துக்கும் பரவியிருக்கும். கீழே சூடேறிய காற்று தட்டுகளைத் துளைத்துக்கொண்டுதான் மேலே போக முடியும். வீட்டு அறைகளில் தட்டு அடுக்கு நடுவே நிற்கிறது, சுற்றிலும் இரண்டடி இடைவெளி. எக்ஸாஸ்ட் விசிறியைக் கூரைக்குக் கீழே பொருத்துகிறார்கள். ஈரக்காற்று இலேசானது, அது மேலே போகும் என்பது காரணம். பாடநூலில் படித்தது சரிதான்: நீராவி காற்றைவிட இலேசானது. ஆனால் எவ்வளவு? நாம் கண்ட 4.6 கிராம் நீராவி சேர்வதால் ஒரு கன மீட்டர் காற்றின் எடை குறைவது கால் சதவீதம் அளவே. பத்து டிகிரி குளிர்வதால் எடை கூடுவதோ மூன்று சதவீதம். ஆகவே காயைத் தொட்டுக் குளிர்ந்த ஈரக்காற்று, சுற்றியுள்ள சூடான காற்றைவிடக் கனமானது. அது தாழவே முயலும். கூரையடியில் கூடுவது எந்தக் காயையும் தொடாத, மிகச் சூடான, மிக உலர்ந்த காற்று. அந்த விசிறி அதைத்தான் வெளியே தள்ளுகிறது. காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றை அப்படியே தெருவில் விடுவதற்கு விசிறிக்கும் காசு கொடுக்கிறோம்! தட்டு அடுக்கின் பக்கங்களைத் தகட்டால் அடைத்து, காற்றுக்குத் தட்டுகளினூடே தவிர வேறு வழியில்லாமல் செய்துவிட்டால் இந்தக் கேடு தீரும். நூறு ரூபாய் ஹீட்டரா ஆயிரம் ரூபாய் ஹீட்டரா என்ற விவாதத்தைவிட இந்தத் தகடு முக்கியம்.

மின் இணைப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 5.4 கிலோவாட், 230 வோல்ட்டில் இழுக்கும் மின்னோட்டம் 23 ஆம்பியருக்கு மேல். வீட்டிலுள்ள பெரிய பிளக் பாயிண்டு 15 அல்லது 16 ஆம்பியருக்கு உரியது. இரண்டு பிளக்குகளில் இரண்டு ஹீட்டர்களைச் செருகிவிட்டால் சரியாகுமென்று நினைப்பவர்கள், இரண்டும் சுவருக்குள் ஒரே கம்பியில் சேர்கின்றனவா என்று பார்ப்பதில்லை. மீட்டர் பலகையிலிருந்து தனி வழி, 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி, சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் ஆகியன இல்லாமல் ஈரமான அறையில் ஹீட்டர் வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். விசிறி நின்றால் ஹீட்டரும் தானே நிற்குமாறு இணைப்பு இருக்க வேண்டும். காற்று ஓடாத காயில் சிவக்கும். காய்த்தோலின் தூசு அதில் படிந்தால் பற்றிக்கொள்ளும். தெர்மோஸ்டாட் ஒன்று பழுதாகி ஒட்டிக்கொண்டால் துண்டிக்க இரண்டாவது கட் அவுட் ஒன்றும் வேண்டும். இவற்றை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும்.

மாலை வேளைகளில் மின்னழுத்தம் தாழ்வதும் கணக்கில் வர வேண்டும். காயிலின் வெப்பம் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பது. 230 என்பது 190 ஆனால் மின்னழுத்தம் ஆறில் ஒரு பங்குதான் குறைகிறது. வெப்பமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். விசிறி ஏறத்தாழ முன்போலவே ஓடும். காற்று மட்டும் சூடு குறைந்து வரும். இரவு எட்டு மணிக்குக் காய் ஏன் குளிர்ந்தது என்று வியப்பவர்கள் ஒரு வோல்ட் மீட்டரைப் பார்த்தால் போதும். சூடு போதாதென்று கரிச்சட்டியை மூட்டி உள்ளே வைப்பவர்களும் இருக்கிறார்கள். மூடிய அறையில் கரி கனிந்தால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தட்டைப் புரட்ட உள்ளே போனவர் வெளியே வராமற்போகலாம். இதை எக்காரணத்தாலும் செய்யலாகாது.

ஏலக்காய்க்கென 1966-இல் ஒரு வாரியமும், 1978-இல் இடுக்கி மாவட்டத்து மயிலாடும்பாறையில் ஆராய்ச்சி நிலையமும் அமைந்தன (நம் கடமலைக்குண்டு பக்கத்து மயிலாடும்பாறை வேறு). 1987 முதல் அந்தப் பொறுப்பு நறுமணப் பொருள் வாரியத்திடம் இருக்கிறது. உலர்த்தும் வெப்பநிலை பற்றிய அறிவுரைகள் தோட்டக்காரர்களை ஓரளவு எட்டியிருக்கின்றன; 50 டிகிரி என்ற எண் எல்லோருக்கும் தெரிகிறது. அந்த எண் மட்டும் எட்டியதுதான் இடர். அத்துடன் இன்னொரு தெர்மாமீட்டரும் போயிருக்க வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஈர, உலர் குமிழ் வெப்பமானி என்று ஒன்று தொங்குகிறது. இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டர்கள். ஒன்றின் குமிழில் நனைந்த துணித்திரி. மாணவர் அதைப் பார்த்து, அட்டவணையில் ஒப்பு ஈரப்பதத்தைக் கண்டு, குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போகிறார். அதையே ஸ்டோரின் காற்று வெளியேறும் வாயில் வைத்தால், அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை அது பேசும்.

நாம் எடுத்துக்கொண்ட காற்றில் ஈரக்குமிழ் சுமார் 28 டிகிரி காட்டும். நீரை ஆவியாக்கிக் காற்று எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதற்கு அதுவே எல்லை. வெளியேறும் காற்றின் உலர்குமிழ் 40 காட்டினால், இன்னும் பன்னிரண்டு டிகிரி வேலை செய்யாமலே போகிறது என்று பொருள். தட்டுகளை நெருக்கலாம், அல்லது விசிறியைக் குறைக்கலாம். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டால் காற்று தெவிட்டிவிட்டது. உடனே வெண்டிலேட்டரைத் திறக்க வேண்டும். மாணவரின் தந்தைக்கு இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு துண்டுத் துணியும் கொடுத்தேன். அவர் இயற்பியல் படித்தவரல்லர். அரைமணியில் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார். மூன்றாம் ஆண்டு மாணவர் சிலருக்கு இதைவிட நேரமாகிறது.

உலர்தலின் பிற்பகுதியில் நிலைமை மாறுகிறது. தோலின் மேற்பரப்பு நீர் போன பிறகு, உள்ளே இருக்கும் நீர் தோலைக் கடந்து மெல்ல மெல்ல வெளியே வர வேண்டும். அதன் வேகத்தைக் காய்தான் நிர்ணயிக்கும், ஹீட்டரன்று. பொறுமையிழந்து சூட்டை ஏற்றினால் தோல் வெடிக்கிறது, மணம் தரும் எண்ணெய் காற்றோடு போகிறது. இந்த நேரத்தில் வெளியேறும் காற்று 45, 46 டிகிரியிலேயே, ஏறத்தாழ வந்தபடியே போகும். அதில் பாதியைத் தகரக் குழாய் ஒன்றால் திருப்பி, உள்வரும் குளிர்ந்த காற்றோடு கலந்துவிடலாம். 40 டிகிரியில் வெளியேறும் காற்றுக்கே கணக்குப் பார்த்தாலும், 25-உம் 40-உம் பாதிப்பாதி கலந்தால் 32 டிகிரிக்கு மேல். ஹீட்டர் 25 டிகிரிக்குப் பதில் பதினேழரை டிகிரி ஏற்றினால் போதும். ஈரம் சற்றுக் கூடுவதால் முழுப்பயனும் கிட்டாது. எனினும் 130 யூனிட் நூறுக்கு அருகே வரும். வெளியேறும் ஆவியைக் குளிர்வித்து நீராக்கி, அதன் உள்ளுறை வெப்பத்தையே திரும்பப் பெறும் வெப்ப ஏற்றி உலர்த்திகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. சிறு தோட்டக்காரர் தனியாக வாங்கக்கூடிய விலையில் அவை இல்லை. தகரக் குழாய்க்கு ஆறடி நீளமும், கம்பத்தில் ஒரு தகரப் பட்டறைக்காரரின் அரைநாள் கூலியும் போதும்.